நார்பர்ட் மறந்துபோன படிவங்கள்

நான் அரை மணி நேரம் முன்பே வந்துவிட்டேன். மாடிசனுக்கு வரும் சாலையில் பனிக்கட்டி உறைந்திருக்கும் என்று நினைத்துச் சீக்கிரம் கிளம்பினேன். சாலை சுத்தமாக இருந்தது. காத்திருந்தபோது உங்கள் வரவேற்பறைப் பெண் காப்பி கொடுத்தாள். நன்றாகவே இருந்தது. அரசாங்க அலுவலகத்தில் நான் அவ்வளவு எதிர்பார்க்கவில்லை.

கணக்காளர்களை விசாரிக்கும் உங்கள் வாரியத்தில் புகார் கொடுத்தவள் நான். அதை முதலிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள், பிறகு குழப்பம் வரக்கூடாது. பெயர் வெர்னா குபியாக், வயது அறுபத்து மூன்று. ஆல்டர் லேக்கில் முப்பது ஆண்டுகளாக வரிக் கணக்கு பார்க்கிறேன். என் முன்னாள் கூட்டாளி நார்பர்ட் லெம்கே எனக்கும் என் கணவர் டுவேனுக்கும் தயாரித்த வரிக் கணக்கில், இருக்க வேண்டிய இரண்டு படிவங்களை வேண்டுமென்றே வைக்காமல் விட்டார். அதுதான் என் புகார்.

அவர் உங்களுக்கு எழுதிய பதிலை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். தனக்கு ஞாபகமறதி என்றும், வேண்டுமானால் வெர்னாவையே கேட்டுக்கொள்ளலாம், அவள்தான் தன்னை டாக்டரிடம் அழைத்துப் போனவள் என்றும் எழுதியிருக்கிறார். அவருக்கு மறதி இருப்பதாக வாடிக்கையாளர்களுக்கு நான் எழுதிய கடிதங்களையும் இணைத்திருக்கிறார். எல்லாம் என் கையெழுத்துதான், மறுக்கவில்லை. அப்படியானால் அவர் வேண்டுமென்றே செய்தார் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அதற்குத்தான் கொஞ்சம் பின்னால் போகவேண்டியிருக்கிறது.

நீங்கள் வழக்கறிஞர், வரி வேலை தெரியாது என்றீர்கள். அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். ராத் என்று ஓர் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு உண்டு. வரி கட்டிய பணத்தை அதில் போட்டால் வயதான பிறகு வரியில்லாமல் எடுக்கலாம். வருமானம் ஓர் அளவைத் தாண்டியவர்களை அதில் நேராகப் போட விடமாட்டார்கள். ஆனால் அவர்கள் சாதாரண ஓய்வுக் கணக்கில் போட்டு, அங்கிருந்து ராத்துக்கு மாற்றிக்கொண்டால் யாரும் தடுப்பதில்லை. முன்வாசலில் காவலாளி, பின்வாசலில் யாருமில்லை. எங்கள் தொழிலில் இதற்குப் பேரே பின்வாசல் ராத். சட்டப்படி முழுக்கச் சரி. ஒரே ஒரு நிபந்தனை: இது ஏற்கெனவே வரி கட்டிய பணம் என்று 8606-ஆம் எண் படிவத்தில் எழுதி, வரிக் கணக்கோடு வைக்க வேண்டும். வைக்காவிட்டால் மாற்றிய தொகை முழுவதும் புது வருமானம் மாதிரி தெரியும். ஒரே பணத்துக்கு இரண்டு முறை வரி. ஒரு தாள், இரண்டே பக்கம். அவ்வளவுதான் விஷயம்.

நார்பர்ட்டும் நானும் இருபத்திரண்டு வருடம் ஒரே அலுவலகம். என்னைவிட ஆறு வயது பெரியவர். பென்சிலை இரண்டு முனையும் சீவி வைத்துக்கொள்பவர். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கணினியில் இருப்பதையெல்லாம் ஒரு பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவார், அலுவலகம் தீப்பிடித்தால் உதவும் என்று. எங்கள் அலுவலகம் ஏரிக்கரையில், தீயணைப்பு நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. அவர் அப்படிப்பட்டவர்.

பல வருடம் முன்பு, கண் மருத்துவர் டிராஸ்க்குக்கு நான் ஒரு பின்வாசல் ராத் கணக்கு போட்டேன். ஒரு சின்னப் பிழை. அவருக்குப் பழைய வேலையிலிருந்து வந்த, வரி கட்டாத பணம் வேறோர் ஓய்வுக் கணக்கில் பெரிதாக இருந்தது. அப்படி இருந்தால் இரண்டையும் சேர்த்துத்தான் விகிதம் போட வேண்டும். வரி கட்டிய பணத்தை மட்டும் தனியாகப் பிரித்து மாற்ற முடியாது. எனக்கு இது தெரியும். அன்று விட்டுப்போனது. நார்பர்ட் சரிபார்க்கும்போது கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததோடு நிறுத்தியிருக்கலாம். டிராஸ்க் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே என்னைக் கூப்பிட்டார்.

"வெர்னா, நம்ம சர்ச் விருந்துல அண்டா நெறைய சூப் வைக்கிறாங்கல்ல? உப்பு போட்டுக் கலக்கின அப்புறம், உப்ப மட்டும் கரண்டியில எடுத்துக் குடுன்னா குடுப்பியா நீ?"

டிராஸ்க் சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை, ஊரே கூடும் மீன் விருந்தில் அதே கதையை நார்பர்ட் எட்டுப் பேருக்குச் சொன்னார். அடுத்த மாதம் பதினைந்து பேருக்கு. ஆல்டர் லேக்கில் குளிர்காலம் நீளம். ஒரு கதை கிடைத்தால் விடமாட்டார்கள். எனக்கு 'உப்பு வெர்னா' என்று பெயர் வந்தது. எந்த மேசையில் உட்கார்ந்தாலும் யாராவது உப்புக் குடுவையை என் பக்கம் நகர்த்தி, "கரண்டி வேணுமா?" என்பார்கள். கிறிஸ்துமஸுக்கு வாடிக்கையாளர்கள் உப்புக் குடுவைகளாகவே பரிசு கொடுத்தார்கள். மொத்தம் பதினொன்று வந்தன. ஒருவருக்கும் மிளகுக் குடுவை தோன்றவில்லை.

நான் கோபப்படவில்லை. வேடிக்கையை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளத் தெரிந்தவள் நான். என் கணவர் டுவேனைக் கேளுங்கள், அவரும் சொல்வார். மூன்று டயர் கடை நடத்துகிறார், பொறுமைசாலி.

அந்தச் சமயத்தில் எங்கள் வேலை முறை இப்படி: நார்பர்ட் கணக்கைப் போடுவார், நான் கடைசியாகப் பார்த்து, அச்சடித்து, வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கி அனுப்புவேன். கையெழுத்துப் போடும் இடத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கும். மக்கள் மஞ்சள் சீட்டைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. ஒரு பிப்ரவரியில் டிராஸ்க்கின் கணக்கு என் மேசைக்கு வந்தது. அந்தப் பழைய பணத்தை டிராஸ்க் அதற்குள் வேறு திட்டத்துக்கு மாற்றியிருந்தார்; நார்பர்ட் எல்லாம் மிகச் சரியாகப் போட்டிருந்தார். திரையில் 8606-க்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். அதிலிருந்த டிக்கை எடுத்தேன். வரி ஆயிரத்துச் சொச்சம் டாலர் ஏறியது. அச்சடித்தேன். டிராஸ்க் வந்தார், மஞ்சள் சீட்டைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், "கரண்டி எங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஜூன் மாதம் அந்தத் தவறை நானே கண்டுபிடித்தேன். நார்பர்ட்டின் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, மெதுவாகத்தான் சொன்னேன். அவர் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"வச்சேனே, வெர்னா."

"வேலை நெருக்கடில விட்டுப்போறது சகஜம், நார்பர்ட். நான் திருத்தி அனுப்பிடறேன். நீங்க கவலப்படாதீங்க."

திருத்திய கணக்கு அனுப்பினோம். டிராஸ்க்குக்கு அரசாங்கம் பணத்தை வட்டியோடு திருப்பிக் கொடுத்தது. இதைக் கவனியுங்கள். யாருக்கும் ஒரு காசு நஷ்டமில்லை. ஒரு காசு நான் எடுக்கவுமில்லை. டிராஸ்க் எனக்கு நன்றி சொல்லிப் புகையில் வாட்டிய மீன் ஒரு பெட்டி அனுப்பினார். அந்த மாத விருந்தில் நார்பர்ட் உப்புக் கதையைச் சொல்லவில்லை. மேசை கொஞ்சம் அமைதியாக இருந்தது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது.

மறு வருடம் மூன்று படிவங்கள். அடுத்த வருடம் ஆறு. எல்லோருடையதையும் எடுக்கவில்லை, எனக்கும் மனசாட்சி உண்டு. நிறையச் சம்பாதிப்பவர்கள், சில மாதம் பணம் முடங்கினாலும் தாங்கக்கூடியவர்கள், கூடவே உப்புக் குடுவை கொடுத்தவர்கள். அந்த மூன்றும் பொருந்தியவர்களை மட்டும். ஒவ்வொரு முறையும் நானே கண்டுபிடித்து, நானே திருத்தி, நானே கடிதம் எழுதினேன்: 'எங்கள் கூட்டாளி சற்றுச் சோர்வாக இருக்கிறார், அடிக்கடி மறந்துவிடுகிறார், தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள்.' அந்தக் கடிதங்கள்தான் உங்கள் மேசையில் இருப்பவை. நல்ல கடிதங்கள். படித்தவர்கள் சிலர் கண் கலங்கியதாகச் சொன்னார்கள்.

நான்காம் வருடம் ஒன்பது. அந்த வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் எப்படியும் கேட்பீர்கள். ஈமச்சடங்கு நிலையம் நடத்தும் ஸ்ட்ரோபெல்லின் கணக்கு. நான் டிக்கை எடுத்துவிட்டேன், இன்னும் அச்சடிக்கவில்லை. நார்பர்ட் ஏதோ சந்தேகம் வந்து என் திரையைப் பார்த்துவிட்டார்.

"வெர்னா, இதுல 8606 இல்ல. நான் போட்டேன். சத்தியமாப் போட்டேன். இரு, கையால எழுதின தாள எடுத்துட்டு வர்றேன்."

அவர் அடுத்த அறைக்குப் போனார். நான் டிக்கைத் திரும்பப் போட்டேன். வேறென்ன செய்ய முடியும், சொல்லுங்கள். அவர் தாளோடு வந்து குனிந்து பார்த்தார்.

"இருக்கே."

"இருக்கு, நார்பர்ட்."

"இப்பத்தான இல்லாம இருந்துச்சு."

"கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாருங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மாட்டிக்கொண்டு, திரையைப் பார்க்காமல், என்னைப் பார்த்து, "நன்றி வெர்னா" என்றார். எனக்கு அவர்மேல் உண்மையிலேயே பரிதாபமாக இருந்தது. அன்று மதியம் அவருக்கு வறுத்த சீஸ் வாங்கிக் கொடுத்தேன்.

அதன்பின் அவர் மாறித்தான் போனார். அவர் மனைவி மார்லிஸ் ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்து, கையுறையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"வீட்டுல எல்லா இழுப்பறையிலயும் சீட்டு எழுதி ஒட்டறாருடி. கரண்டி, கத்தி, பேட்டரின்னு. காலைல எந்திரிச்சு அம்பது மாநிலத்தோட தலைநகரத்தையும் வரிசையா ஒப்பிக்கிறாரு. ஒண்ணு கூடத் தப்பா வரல. ஆனாலும் அழறாரு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டரிடம் காட்டலாம் என்று சொன்னதும் நான்தான். மார்லிஸுக்கு நெடுஞ்சாலையில் ஓட்டப் பயம் என்பதால் என் காரிலேயே இந்த ஊருக்கு அழைத்து வந்தேன். அது ஐந்தாம் வருடம், வேலை மும்முரமான மார்ச் மாதம். ஒரு முழுநாள் போனது. அதையும் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

நரம்பியல் மருத்துவர் அவரைக் கடிகாரம் வரையச் சொன்னார். நார்பர்ட் நொடி முள்ளும் சேர்த்து வரைந்தார். ஐந்து வார்த்தை சொல்லி, பத்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்டார். நார்பர்ட் ஐந்தையும் சொல்லிவிட்டு, அகர வரிசையில் மறுபடி சொன்னார். முழு மதிப்பெண். "ஒங்களுக்கு ஒண்ணுமே இல்ல சார், என்னைவிட நல்லா இருக்கீங்க" என்றார் டாக்டர்.

திரும்பும் வழியில் நார்பர்ட் ஜன்னலோரம் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி முகம் மலர்ந்து இருந்தார். போர்ட்டேஜ் ஊர் வரும்வரை அப்படியே இருக்க விட்டேன். பிறகு சொன்னேன்:

"ஆரம்பத்துல எல்லாருக்கும் அப்படித்தான் நல்லா வருமாம், நார்பர்ட்."

இதில் பொய் ஒன்றுமில்லை. எங்கோ படித்திருக்கிறேன். அவர் மாநிலத் தலைநகரங்களை முதலிலிருந்து ஒப்பிக்க ஆரம்பித்தார்.

அந்த வருடம் பன்னிரண்டு படிவங்கள். ஆண்டு முடிவில் அவர் தன் பங்கை எனக்கு விற்றார். சொன்ன விலை மிகவும் குறைவு. நான் பேரம் பேசவில்லை, அவர் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டேன். பிரிவு விருந்தில் அவரைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். டிராஸ்க் மூக்கைச் சிந்தினார். யாரும் உப்பு என்ற வார்த்தையை எடுக்கவில்லை.

இனி என் புகாருக்கு வருகிறேன்.

அலுவலகத்தை விட்டபின்பும் ஒரே ஒரு வரிக் கணக்கை மட்டும் அவர் தொடர்ந்து போட்டுவந்தார். நானும் டுவேனும் சேர்ந்து அனுப்புவதை. எங்கள் வருமானத்துக்கு நாங்களும் பின்வாசல் வழியாகத்தான் ராத்துக்குப் போக வேண்டும். வருடா வருடம் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு 8606. அந்த வேலையை அவரிடமே விட்டது அவருக்கு ஒரு மதிப்பாக இருக்கட்டும் என்றுதான். ஏன் புத்தி தடுமாறுகிற மனிதரிடம் உங்கள் கணக்கைக் கொடுத்தீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். நார்பர்ட் போடும் கணக்கில் பிழை இருக்காது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட இருந்ததில்லை. நான் திறந்துகூடப் பார்க்க மாட்டேன், மஞ்சள் சீட்டு இருக்கும் இடத்தில் கையெழுத்துப் போடுவேன்.

இந்த ஏப்ரலில் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். மார்லிஸ் ருபார்ப் தண்டு போட்ட கேக் வைத்தாள். இழுப்பறைகளில் சீட்டுகள் எதுவும் இல்லை. அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். நார்பர்ட் நன்றாகச் சதை போட்டு, வெயிலில் நிறம் ஏறி இருந்தார். எங்கள் பழைய வரிக் கோப்பு ஒன்றை என் முன்னால் வைத்தார்.

"வெர்னா, ஒரு வருஷத்துக் கணக்குல ஒங்க ரெண்டு பேரு 8606-உம் விட்டுப்போச்சு. இப்பத்தான் பாத்தேன்."

"எந்த வருஷம்?"

சொன்னார். உடனே காலக்கெடுதான் ஞாபகம் வந்தது, எங்கள் தொழிலில் விரல் விட்டு எண்ணாமலே எல்லோருக்கும் தெரிந்தது அது. கூடுதலாகக் கட்டிய வரியைத் திரும்பக் கேட்க மூன்று வருடம்தான் அவகாசம். அந்த மூன்று வருடம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. நான்காயிரத்து நானூறு டாலர் சொச்சம், போனது போனதுதான்.

"நீங்க மறக்கல, நார்பர்ட்."

"மறந்துட்டேன் வெர்னா. எனக்கு மறதின்னு ஒனக்குத் தெரியாதா? ஊருக்கே நீதான சொன்ன."

"விளையாடாதீங்க."

"வீட்டுல சும்மா ஒக்காந்திருந்தப்ப பழைய வெள்ளிக்கிழமைப் பிரதிய எல்லாம் எடுத்துப் பாத்தேன். நீ திருத்தி அனுப்பின முப்பத்தோரு கணக்கு. முப்பத்தொண்ணுலயும் படிவம் இருக்கு. நான் வச்ச மாதிரியே இருக்கு. யார்கிட்டயாவது சொல்லலாம்னு நெனச்சேன்." அவர் கேக்கை ஒரு துண்டு வெட்டி என் தட்டில் வைத்தார். "பாரு, அதையும் மறந்துட்டேன்."

மார்லிஸ் முதுகைக் காட்டியபடி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து டுவேனிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை, தேவையானதை மட்டும்.

"விடு வெர்னா. நாலாயிரம்தான. நாலு செட்டு டயரு."

"இது பணத்தப் பத்துன விஷயம் இல்ல, டுவேன். நம்பிக்கை."

"மனுஷனுக்கே தல சரியில்ல. அவரு மேலயா புகார் குடுப்ப?"

அங்கேதான் எனக்குப் பொறுக்க முடியாமல் போனது. தபால்காரர், டிராஸ்க், பாதிரியார், இப்போது என் கணவர், எல்லோரும் அவரைப் பாவம் என்கிறார்கள். ஒரு மனிதர் நிதானமாக உட்கார்ந்து, தெரிந்தே இரண்டு படிவங்களை எடுத்துவிட்டு, மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டு காத்திருந்து, பிறகு மறதி என்ற போர்வையைப் போர்த்திக்கொள்கிறார். ஊரே நம்புகிறது. நம்பும்படி எழுதியிருக்கும் கடிதங்களில் என் கையெழுத்து. மறுநாளே உங்கள் வாரியத்துக்கு எழுதினேன்.

அந்த வெள்ளிக்கிழமைப் பிரதிகளை அவர் உங்களிடம் தரவில்லை என்கிறீர்கள். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். அவற்றைக் கொடுத்தால் அவர் மூளை சரியாக இருக்கிறது என்று ஆகிவிடும். அவருக்கு மறதிதான் வசதி. ஆனால் நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். வாங்குங்கள். முப்பத்தொன்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். அவர் ஒன்றைக்கூட மறந்ததில்லை என்பது அதிலிருந்தே நிரூபணம் ஆகும். டாக்டரின் மதிப்பெண் தாளும் என்னிடம் இருக்கிறது, கொண்டுவந்திருக்கிறேன். அன்று மார்லிஸ் பார்க்கும் முன் என் பையில் வைத்துக்கொண்டது.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை, பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருக்கிறது அல்லவா. வழக்கறிஞர் யாரையாவது கூட வைத்துக்கொள்கிறீர்களா என்று நீங்கள் இரண்டாவது முறை கேட்கிறீர்கள். எனக்கு எதற்கு? புகார் கொடுத்தவள் நான். ஆனாலும் தெளிவாக இருக்கட்டும், உங்கள் அறிக்கையில் எந்த இடத்திலும் சந்தேகம் வரக்கூடாது. அதனால் வரிசையாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

நார்பர்ட் லெம்கேயின் ஞாபகத்தில் எந்தக் காலத்திலும் ஒரு குறையும் இருந்ததில்லை. ஐந்து வருடத்தில் காணாமல் போன முப்பத்தொரு படிவங்களையும் எடுத்தது நான். எங்களுடைய இரண்டை எடுத்தது அவர். என்னுடையவற்றுக்காவது ஒரு காரணம் இருந்தது. பணமும் எல்லோருக்கும் திரும்பி வந்தது. அவர் செய்தது வெறும் வன்மம்.

இவ்வளவு வருடம் பக்கத்து மேசையில் இருந்திருக்கிறேன். ஒரு மனிதருக்குள் இப்படி ஒரு குணம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.